சிவப்புத் தண்ணீர் குடிக்கும் ஊர்

முதல் செருப்பு மேடை வரை வந்து சேரவில்லை. இரண்டாவது சரியாகக் கயற்கண்ணியின் கையிலிருந்த கண்ணாடித் தம்ளரில் வந்து விழுந்தது. தம்ளர் உடைந்து தண்ணீர் அவள் புடவையெல்லாம் தெறித்தது.

நல்ல தண்ணீர். அரளிப்பாளையத்து மண்ணுக்கு அடியிலிருந்து எடுத்து, காலையிலிருந்து வெயிலில் வைத்தும் நிறம் மாறாத தண்ணீர். அதை ஊரார் முன்னால் மடமடவென்று குடித்துக் காட்ட வேண்டும் என்றுதான் நின்றாள். கைதட்டுவார்கள் என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தாள், பாவம்.

“எங்க தண்ணியக் கொன்னு போட்டுட்டு எங்க முன்னாலயே குடிச்சுக் காட்றயா?” என்று ஒரு பெண்குரல் கத்தியது. அதோடு விழா முடிந்தது. மாவட்ட அதிகாரி பின்பக்கமாக இறங்கி ஜீப்பில் ஏறினார். பந்தல்காரன் மட்டும் நாற்காலிகளைக் காப்பாற்ற ஓடினான்.

இவர்களுக்கு எதைச் செய்தாலும் இப்படித்தான் என்று கயற்கண்ணி பல்லைக் கடித்தாள். எட்டு வருடம்! மதுரையிலிருந்து வந்து எட்டு வருடமாக இந்த ஊரின் விஷத்தை அள்ளிக்கொட்டிக்கொண்டிருந்தாள். “இந்த ஊர்ல மனுஷன் இருப்பானா?” என்று புருஷன் இரண்டாம் வருடமே மூட்டையைக் கட்டிவிட்டான். அவள்தான் கைக்குழந்தையோடு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். அதற்குக் கிடைத்த மரியாதை செருப்பு.

விஷம் என்ன விஷம் என்று சொல்லிவிட வேண்டும். கயற்கண்ணி பிறப்பதற்கு முன்னால் நான்கு வருடம் ஒரு போர் நடந்தது. அந்தப் போருக்கு அரளிப்பாளையத்து ஆலை இரவும் பகலும் வெடிமருந்து செய்து போட்டது. செய்த வெடிமருந்தை அப்படியே குண்டில் அடைக்க முடியாது, கழுவ வேண்டும். கழுவினால் ரத்த நிறத்தில் தண்ணீர் வரும். அந்தச் சிவப்பு நீரை ஆலைக்குப் பின்னால் குட்டை குட்டையாகத் தேக்கினார்கள். போர் முடிந்தது, யார் ஜெயித்தது என்று இரண்டு நாடுகளும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆலையைப் பூட்டிக்கொண்டு போனவர்கள் குட்டைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சிவப்பு நீர் மண்ணில் இறங்கிக் கிணறுகளுக்குப் போனது. கிணற்றுத் தண்ணீரை வெயிலில் வைத்தால் போதும், சிவந்துவிடும். குடித்தவர்களுக்கு ஈரல் போனது, ரத்தம் சுண்டியது, பாதி ஊர் சுடுகாட்டுக்குப் போனது.

அப்போதுதான் தின்னி வந்தது. ஓர் ஆய்வுக்கூடத்தில் செய்த நுண்ணுயிர் அது. அதன் முழுப்பெயர் ஒரு முழம் நீளம். ஊர் வைத்த பெயர்தான் நிலைத்தது. சிவப்பு நீரிலுள்ள நஞ்சுதான் அதற்குச் சாப்பாடு. பிறந்த குழந்தையிலிருந்து கிழவர் வரை நாக்கில் இரண்டு சொட்டு விட்டால் குடலில் போய்க் குடியேறிவிடும். பிறகு எந்தக் கிணற்றுத் தண்ணீரையும் தைரியமாகக் குடிக்கலாம். உள்ளே போகும் நஞ்சைத் தின்னி தின்றுவிடும். நோய் நின்றது. அதோடு மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற அவசரமும் எல்லோருக்கும் போய்விட்டது. முப்பது வருடம் கழித்து, மேலே இருந்த யாருக்கோ திடீரென்று உறைத்து, கயற்கண்ணியையும் ஆறு மண்சலிப்பான்களையும் அனுப்பினார்கள். ஒவ்வொன்றும் ஒரு பேருந்து அளவு இயந்திரம். முன்பக்கம் மண்ணை விழுங்கி, வயிற்றில் வைத்து வறுத்து, பின்பக்கம் சுத்தமான மண்ணாகக் கக்கிக்கொண்டே நகரும்.

அப்படி ஊரையே சலித்துக் கொடுத்துவிட்டு, நனைந்த புடவையோடு கயற்கண்ணி வீட்டுக்கு வந்தாள். மகள் மகிழினி கூடத்தில் சுருண்டு படுத்திருந்தாள். ஆறு வயது. பத்து நாளாக வயிறு எரிகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். விழா வேலையில் கயற்கண்ணி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தொட்டுத் தூக்கியபோதுதான் திக்கென்றது. பிள்ளை பூனைக்குட்டிபோல் கனமே இல்லாமல் இருந்தாள்.

“எரியுதும்மா, உள்ள யாரோ கடிக்கிறாங்க” என்றாள் மகிழினி.

அரசு மருத்துவமனையில் டாக்டர் ஃபரீதா குழந்தையின் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். முகத்தில் வியப்பே இல்லை. கோபம்தான் இருந்தது.

“வார்டுல இடமில்ல. வராந்தாவுல பாய் போட்டுக்கங்க.”

“வெறும் வயித்துக் கோளாறுதானே டாக்டர்?”

“இதைச் சொல்லத்தான் மூணு தடவை உங்க ஆபீசுக்கு வந்தேன். சுத்தமான தண்ணிக்கு எதிரா ஒரு டாக்டரே பேசுறதான்னு சிரிச்சீங்க. இப்ப உங்க வீட்டுக்கே வந்துருச்சு. சிரிங்க.”

வராந்தா முழுக்கக் குழந்தைகள். எல்லாம் குச்சிக் கைகளோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தன. விழாவில் கத்திய அந்தப் பெண் ஒரு பையனை மடியில் போட்டுக்கொண்டு, இவளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“தின்னிக்குத் தீனி இல்ல” என்றாள் ஃபரீதா. “பசிச்சா அது சும்மா இருக்குமா? குடலைத் தின்னுது. பெரியவங்க வயித்துல அது வாடகைக்கு இருக்கு, முத்தின குடல் தாங்கிக்குது. வளர்ற பிள்ளைங்க வயித்துல அதுதான் வீட்டுக்காரன்.”

“அப்ப மருந்து குடுத்து அதைக் கொன்னுடுங்க.”

“ரெண்டு பிள்ளைகளுக்குக் குடுத்தேன். தின்னி செத்துச்சு. அதுக்கப்புறம் கஞ்சித்தண்ணி கூட அந்த வயித்துல நிக்கல. ஒரே வாரத்துல ரெண்டு பேரையும் எடுத்தாச்சு. கடைசிக் குட்டையை மூடிட்டோம்னு நீங்க கேக் வெட்டினீங்களே, அந்த வாரம்தான்.”

கயற்கண்ணி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எட்டு வருடம் தன் கையாலேயே மகளுடைய சோற்றை அள்ளிக் கொட்டியிருக்கிறோம் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அந்த நேரத்தில் அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை.

“எங்கயாவது கொஞ்சம் சிவப்புத் தண்ணி மிச்சம் இருக்குமா?”

“சென்னியப்பன்கிட்ட இருக்கு, அவர் அளந்து குடுக்குறதாலதான் இந்தப் பிள்ளைங்க உயிராவது நிக்குது. உங்களுக்குக் குடுப்பாரான்னு போய்க் கேளுங்க” என்றாள் ஃபரீதா.

சென்னியப்பன் ஊர்த் தண்ணீர்க் குழுவின் தலைவர். அப்பாவும் அம்மாவும் அந்த ஆலையில் கழுவுதொட்டியில் வேலை பார்த்தவர்கள். பழைய பஞ்சுக் கிடங்கின் கதவுக்கு முன்னால் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே வரிசையாக நீலப் பீப்பாய்கள். இவள் குட்டைகளை மூடப்போகிறாள் என்று தெரிந்ததுமே ஊர்க்காரர்கள் இரவோடு இரவாக மொண்டு வைத்துவிட்டார்கள். அந்த ஊரில் வசவு கூட மரியாதையோடுதான் வரும்.

“வாங்க மேடம். உக்காருங்க. உங்களைய உக்கார வெச்சுத்தான் திட்டோணும். நிக்க வெச்சுத் திட்டுனா நல்லா இருக்காதுங்.”

“அய்யா, என் பொண்ணு…”

“தெரியுமுங். டாக்டரம்மா போன் போட்டுச் சொன்னாங்க. என்ற பேரனும் அப்படித்தானுங் கெடந்தான், சிவப்புத் தண்ணியே மருந்துன்னு அப்பத் தெரியலீங். அவனை எடுத்துட்டுப் போறப்ப உங்க மிசினு தெருவுக்குக் குறுக்கால நின்னுச்சுங். பாடைக்கு வழி விடப்பான்னு கேட்டதுக்கு, அரைமணி நேர வேலை பாக்கி இருக்குதுன்னு உங்க ஆளு சொல்லிப்போட்டானுங். அந்த வெயில்ல தோள்ல வெச்சுட்டு நின்னோமுங், அரைமணி நேரம்.”

கயற்கண்ணிக்கு ஞாபகம் இருந்தது. வேலையை நிறுத்தாதே என்று அன்றைக்குத் தொலைபேசியில் உத்தரவு போட்டதே அவள்தான். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

“உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன்.”

“காலெல்லாம் வேண்டாமுங். உங்க புள்ளைக்கும் தினமும் ஒரு தம்ளர் உண்டு. அது இந்த ஊர்ல பொறந்த புள்ளை, அதுக்குக் குடுக்கறோம். உங்குளுக்காவ இல்லீங். அதை மனசுல வெச்சுக்குங்.”

மகிழினி முதல் தம்ளரைக் குடித்து, மறுநாளே தோசை கேட்டாள். கயற்கண்ணி அடுப்பு முன்னால் நின்று அழுதாள். ஆனால் பீப்பாய்கள் வற்றிக்கொண்டிருந்தன. ஆடி வரை தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

அவள் ஆய்வுக்கூடத்தில் ராப்பகலாகச் சிவப்பு நீரைச் செயற்கையாகக் கலக்கிப் பார்த்தாள். தின்னி அதைச் சீந்தவில்லை. பாறை உடைப்பவர்களிடமிருந்து கொஞ்சம் வெடிமருந்துப் பொடி வாங்கி, துளியளவு கரைத்துப் பார்த்தாள். அரைகுறையாகத் தின்றது; கொஞ்ச நாளில் மறுபடியும் எரிச்சல். கழுவுநீரில் இருக்கும் அத்தனை சில்லறைச் சாமான்களும் சேர்ந்தால்தான் அதற்கு ஒரு சாப்பாடு. வேறு வழியே இல்லை. சிவப்பு நீர் வேண்டுமென்றால் வெடிமருந்தைக் கழுவ வேண்டும். கழுவ வேண்டுமென்றால் செய்ய வேண்டும்.

“ஆலையைத் திறக்கணும்” என்று தண்ணீர்க் குழுவில் சொன்னாள்.

சென்னியப்பன், “மூடறதுக்கு வந்தவிய நீங்க. நீங்களே தெறக்கோணும்னு சொல்றீங்ளா?” என்றார்.

“ஆமா. நீங்க யாராவது தெறந்தா ஊரோட வானத்துக்குப் போவீங்க. எனக்கு அந்த வேதியியல் தெரியும்.”

உரிமம் கிடைத்த வேகத்தைத்தான் சொல்ல வேண்டும். மண்சலிப்பானுக்கு ஒவ்வொரு தெருவாக அனுமதி வாங்க நான்கு வருடம் அலுவலகம் அலுவலகமாகச் செருப்புத் தேய அலைந்தவள் அவள். வெடிமருந்து செய்கிறோம் என்றதும் அதே அலுவலகத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்கள். கிளம்புவதற்குள் கையெழுத்து ஆகிவிட்டது.

ஆலை திறந்த அன்று வாசலில் ஒரு பெண் அவளை நிறுத்தினாள். “கொண்டை ஊசியக் கழட்டிப் போடுங் மேடம்.” மோதிரம், வளையல், செருப்பிலிருந்த ஆணி வரை எல்லாம் போயிற்று. ஒரு பொறி போதும், மொத்த ஆலையும் போய்விடும். இந்த ஊர்ப் பெண்கள் மஞ்சள் கயிற்றைத் தவிர உடம்பில் குண்டூசி அளவு உலோகம்கூடப் போடுவதில்லை. பட்டிக்காட்டு மூடப்பழக்கம் என்று எட்டு வருடமாகக் கேலி செய்தவள் அவள். இப்போது வெறுங்கழுத்தோடு உள்ளே போனாள். மற்றவர்கள் தாய் தகப்பனின் வேலையைச் செய்ய அவரவர் தொட்டிக்குப் போய் நின்றார்கள். யாரும் அவளோடு பேசவில்லை. தேவையென்றால் குழாயைக் காட்டுவார்கள், அவள் திறப்பாள். அவ்வளவுதான் உறவு.

முதல் கழுவுநீர் குபுகுபுவென்று சிவப்பாக வந்து விழுந்தபோது பெண்கள் குலவை போட்டார்கள். நீர்க்கக் கலந்து, வீட்டுக்கு வீடு குழாயில் விட்டாள். வராந்தா காலியானது. பள்ளிக்கூடம் மறுபடியும் சத்தம் போட்டது. மகிழினிக்குக் கன்னம் வந்தது, வாய் வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டை போடும் அளவுக்குத் தெம்பும் வந்தது.

இங்கேதான் வேடிக்கை. உலகத்தில் எந்த ஆலையிலும் வெடிமருந்துதான் சரக்கு, சிவப்பு நீர் கழிவு. அரளிப்பாளையத்தில் தலைகீழ். தண்ணீர்தான் சரக்கு, வெடிமருந்துதான் கழிவு. ஒரு குடம் தண்ணீருக்கு ஐந்து குடம் வெடிமருந்து சேர்ந்தது. மஞ்சள் மஞ்சளாகக் கட்டி கட்டியாக, கிடங்கு நிறைந்து, தாழ்வாரம் நிறைந்து, பள்ளிக்கூடத்துச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. கொஞ்சத்தை எரித்துப் பார்த்தார்கள். கரும்புகை மூன்று நாள் ஊர்மேல் நின்றது, பிள்ளைகள் இருமிக்கொண்டே கிடந்தார்கள். சித்திரை வெயில் ஏற ஏற, கயற்கண்ணி ராத்திரியெல்லாம் வாளித் தண்ணீரோடு தாழ்வாரத்தைச் சுற்றி வந்தாள்.

ஒரு கழிவகற்றும் நிறுவனம் தேடிவந்தது. “நாங்களே எடுத்துக்கொள்கிறோம், நீங்கள் ஒரு பைசா தர வேண்டாம்” என்றது. கயற்கண்ணிக்குச் சாமியே நேரில் வந்ததுபோல் இருந்தது.

ஆலைக்காரர்கள் பெட்டிகளில் அடைத்து, பழைய அச்சுத் தகட்டைத் தேடியெடுத்து, ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் ஊர்ப் பெயரைப் பதித்தார்கள்.

“குப்பைக்கு எதுக்குய்யா பேரு?” என்று அவள் கேட்டாள்.

“ஊர் பேர் இல்லாம எங்க வாசலைத் தாண்டி ஒரு பெட்டி போனதில்லீங்” என்றார் சென்னியப்பன். அவருக்கு அதில் ஒரே பெருமை.

முதல் லாரி கிளம்பும்போது அவள் ஓட்டுநரிடம், “இதெல்லாம் எங்க…” என்று ஆரம்பித்தாள். அதற்குள் சென்னியப்பன் குறுக்கே வந்துவிட்டார். “பொறப்படற வண்டியப் பாத்து எங்க போறேன்னு கேக்கப்படாதுங். எங்கம்மா காலத்துல அப்படிக் கேட்டவியளைய வேலைய விட்டே நிறுத்திப்போட்டாங்க.” மதுரையிலும் கிளம்புகிறவர்களை அப்படிக் கேட்கக் கூடாதுதான். ஆனால் அவள் வாயை மூடிக்கொண்டதற்கு அது காரணமில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம். லாரி போனது. சுவரோரம் காலியானது. அன்று அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வருடம் கடலுக்கு அப்பால் எங்கோ போர் மூண்டது என்று செய்தி வந்தது. அவள் திரையை அணைத்தாள். லாரிகள் வாரம் ஒன்றாக வந்தவை, நாளுக்கு இரண்டாக வந்தன. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று யாராவது சொன்னால் அது சுத்தப் பொய். அவளுக்குத் தெரியும். மகளின் தலையைப் பின்னிவிடும்போதெல்லாம் தெரியும். பின்னி முடித்து, தம்ளரை நீட்டி, “குடிடி” என்பாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு பெண் வந்தாள். அதுவும் பகல் பன்னிரண்டு மணி வெயிலில், முதுகில் கட்டிய குழந்தையோடு, நேரே ஆலை வாசலுக்கு. பெயர் மரேவா. கையில் ஒரு பேச்சுமாற்றி வைத்திருந்தாள். அவள் மொழியில் அவள் பேச, உள்ளங்கை அளவு அந்தக் கருவி உணர்ச்சியே இல்லாத புத்தகத் தமிழில் திருப்பிச் சொன்னது.

“நான் போர் நடக்கும் நாட்டிலிருந்து வருகிறேன். எங்கள் ஊரின் மீது குண்டுகள் விழுந்தன. கிணறுகள் சிவந்தன. குண்டு போட்டவர்களே பிறகு மனிதாபிமான உதவி என்று சொல்லித் தின்னிச் சொட்டும் அனுப்பினார்கள். பிறந்த பிள்ளைகளுக்கெல்லாம் கொடுத்தோம். ஒரு மழைக்காலத்தில் கிணறு தெளிந்துவிட்டது.”

மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. அவள் முதுகிலிருந்து இறக்கிய குழந்தையின் கைகளைப் பார்த்ததுமே கயற்கண்ணிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே ஓடி ஒரு தம்ளர் கொண்டுவந்தாள். குழந்தை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுவிடாமல் குடித்தது. பார்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“தண்ணி அனுப்புறோம்” என்றாள் கயற்கண்ணி. “எவ்வளவு வேணும்னாலும் அனுப்புறோம்.”

“கப்பல் வரும் வழியில் போர் நடக்கிறது. நான் வந்து சேரவே இரண்டு மாதம் ஆயிற்று. எங்களுக்குத் தண்ணீர் வேண்டாம். எங்கள் ஊரிலேயே இப்படி ஓர் ஆலை வேண்டும். எப்படிச் செய்வது என்று சொல்லிக்கொடுங்கள்.”

கயற்கண்ணி அவளை நிழலுக்கு அழைத்தாள். “அது லேசான காரியமில்லம்மா. ஒரு குடம் தண்ணி எடுத்தா அஞ்சு குடம் வெடிமருந்து மிஞ்சும். மலையாட்டம் சேந்துரும். எரிக்க முடியாது, புதைக்க முடியாது. அதை எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க?”

பேச்சுமாற்றி சொல்லி முடிக்கும் வரை மரேவா பொறுமையாகக் கேட்டாள். பிறகு கயற்கண்ணியின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவே இல்லை. கருவி வழக்கம்போல் நிதானமாகத் திருப்பிச் சொன்னது.

“அதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம். குண்டு போட்ட படை விட்டுச்சென்ற பெட்டிகளின் மேல் உங்கள் ஊரின் பெயர் எழுதியிருந்தது. எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.”

பெண்கள் பின்னால் நகர்ந்தார்கள். சென்னியப்பனின் முகம் வெளுத்தது. “முடியாதுன்னு சொல்லிப்போடுங் மேடம். அந்தப் பொம்பளை கொல்றதுக்கு வந்திருக்கறாளுங்.”

“அவ கொல்ல வரல. பிள்ளையக் காப்பாத்த வந்திருக்கா” என்றாள் கயற்கண்ணி. அப்படித்தான் அவளும் இந்த ஆலையைத் திறந்தாள். மரேவாவின் மேல் கோபப்படத் துளி நியாயம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை. முடியாது என்று சொன்னால் எவ்வளவு நாளில் அந்தக் குழந்தை சாகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். சரி என்று சொன்னால் மகிழினியின் பள்ளிக்கூடத்தின் மேல் என்ன விழும் என்பதும் தெரியும். குழந்தை காலித் தம்ளரை அவளிடம் நீட்டி, இன்னும் வேண்டும் என்பதுபோல் ஏதோ சொன்னது. பேச்சுமாற்றிக்கு அந்த மழலை புரியவில்லை.

கயற்கண்ணி தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

“உங்க ஊர்ல எத்தனை பிள்ளைங்க?” என்று கேட்டாள்.

ஆலை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று தீர்மானிக்க அவளுக்கு அது தெரிய வேண்டியிருந்தது.